முதல் கேம்பிங் டிரெய்லர்: தண்ணீர் நிரப்பினால் பின்பக்கம் அலைகிறது, மீதிப் பணத்தில் எதை வாங்குவது?

காங்கயத்தான்:
வணக்கமுங்க. என்னிடம் ஒரு டீசல் மஹிந்திரா தார் ஜீப், ஃபோர் வீல் டிரைவ். அதில் கட்டி இழுக்க ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்று பட்டறையில் சொல்லிச் செய்தாகிவிட்டது. மேலே மடக்குக் கூடாரம், பின்கதவைத் திறந்தால் சமையல் மேடை, 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 45 லிட்டர் 12 வோல்ட் ஃபிரிட்ஜ். ஆவணியில் குடும்பத்தோடு தாளவாடியில் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கலாம் என்று இருக்கிறோம். தோட்டத்துக்குள் போகக் கடைசியில் கொஞ்ச தூரம் வெறும் இட்டேரிதான், வேலிகளுக்கு நடுவே போகிற மண் பாதை.

பொள்ளாச்சி - உடுமலை ரோட்டில் இழுத்துப் பார்த்தேன். காலியாக இருந்தபோது ஒரு தொந்தரவும் இல்லை. தொட்டியை நிரப்பியதும் 60ஐத் தாண்டினால் பின்பக்கம் இடவலமாக அலைகிறது, ஸ்டியரிங் வரைக்கும் தெரிகிறது. இப்போது காற்றுக்காலம், அதனாலா? இன்னொன்று, கார் பேட்டரியிலிருந்து வயர் இழுத்துத்தான் ஃபிரிட்ஜுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி பாதியில் அணைந்துவிடுகிறது.

கையில் இன்னும் 60,000 ரூபாய் இருக்கிறது. பட்டியலில் இருப்பவை: பக்கவாட்டுப் பந்தல், இன்வெர்ட்டர், இண்டக்ஷன் அடுப்பு, வெந்நீர் ஷவர், எல்இடி லைட் பார், சோலார், வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை வடம் கட்டி இழுக்கும் மோட்டார்). முதலில் எதை வாங்கட்டும்?

சங்ககிரி டிரைவர்:
தம்பி, பட்டியலை அப்படியே மடித்து வையுங்கள். தொட்டி அச்சுக்கு முன்னாலா, பின்னாலா? காலி எடை எவ்வளவு? டிரெய்லரைக் காரில் மாட்டுகிற கொக்கியில் எவ்வளவு பாரம் இறங்குகிறது? டிரெய்லருக்கு பிரேக் உண்டா? இந்த நாலும் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஜோசியம்.

மொத்த எடையை ஊரில் எந்த எடை மேடையிலும் பார்க்கலாம். கொக்கி எடைக்கு அது சரிவராது, ஐந்து பத்து கிலோக் கணக்கில்தான் காட்டும். கொப்பரைக் களத்தில் மூட்டை போடும் எலக்ட்ரானிக் தராசு இருக்கும். டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போட்டு, தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி அதில் கொக்கியை இறக்குங்கள். காரில் மாட்டும்போது இருக்கிற அதே உயரத்தில் இருக்க வேண்டும்.

காங்கயத்தான்:
பார்த்துவிட்டேன் அண்ணா. காலி எடை 570 கிலோ, கொக்கியில் 62. தொட்டி நிரப்பினால் 650, கொக்கியில் 30தான் காட்டுகிறது! தொட்டி அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருக்கிறது, சமையல் மேடைக்குப் பக்கம் என்பதால் அங்கே வைத்தார்களாம். அச்சிலிருந்து கொக்கி இரண்டரை மீட்டர். பிரேக் இல்லை. "இந்தச் சின்ன வண்டிக்கு எதுக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஆர்சியும் அப்படியே, பின்னால் கட்டி இழுப்பதற்கு எதற்கு ரிஜிஸ்ட்ரேஷன் என்கிறார்கள்.

சங்ககிரி டிரைவர்:
காற்று சும்மா தூண்டிவிடுகிறது, காரணம் பின்பாரம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும், உங்கள் வண்டிக்கு 65 கிலோ பக்கம். 30 என்றால் ஐந்து சதவீதம்கூட இல்லை. மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்குமே, அதே கதைதான். வேகம் கூடக் கூட அலைச்சல் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் உங்கள் கைக்குள் நிற்காது.

கணக்கு ரொம்பச் சுலபம். 80 கிலோ தண்ணீர், அச்சுக்கு 1 மீட்டர் பின்னால். 80ஐ இரண்டரையால் வகுத்தால் 32. அந்த 32 கிலோ கொக்கியிலிருந்து கழிந்துவிட்டது. அதே தொட்டியை அச்சுக்கு முன்னால் கால் மீட்டரில் வைத்தால் 8 கிலோ கூடும், 70 வரும். சமையல் மேடைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் சின்ன 12 வோல்ட் பம்ப் போட்டுக் குழாய் இழுத்துக்கொள்ளுங்கள், பாரத்தை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். தொட்டிக்குள் தடுப்புத் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பாதித் தண்ணீரோடு வளைவில் போகும்போது தளும்பித் தள்ளும்.

பிரேக் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தாளவாடிக்கு ஏறும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. ஏறுவது பிரச்சினையில்லை, திரும்பி அடிவாரத்துப் பண்ணாரிக்கு இறங்கும்போது அந்த 650 கிலோவும் உங்கள் முதுகில்தான் உட்கார்ந்திருக்கும். தார் கையேட்டில் இழுவை எடை போட்டிருந்தால் அதையும் பாருங்கள், பிரேக் இல்லாத டிரெய்லருக்கான அளவு எப்போதும் குறைவாகவே இருக்கும். கொக்கி தள்ளும்போது தானே பிடிக்கிற பிரேக் விலை குறைவு. ஆனால் நீண்ட இறக்கத்தில் கியரிலேயே இறங்கினாலும் அது விடாமல் உரசிச் சூடாகும், நடுவில் நிறுத்தி ஆற விட வேண்டும். மலைக்கு அடிக்கடி போவதாக இருந்தால் எலக்ட்ரிக் பிரேக்கும் காருக்குள் கன்ட்ரோலரும் மேல். ஏறின கியரிலேயே இறங்குங்கள். கொக்கி கழன்றால் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் கேபிள், அடியில் குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலி, இதெல்லாம் சேர்த்தால்தான் பிரேக் என்று பெயர்.

பன்னிரண்டு வோல்ட்:
ஃபிரிட்ஜுக்கு நான் சொல்றேன். என்ன வயர், எவ்வளவு நீளம்?

காங்கயத்தான்:
ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயருங்க. போக மட்டும் ஏழு மீட்டர் இருக்கும்.

பன்னிரண்டு வோல்ட்:
அப்படியென்றால் போக வர 14 மீட்டர். ஒன்றரை ஸ்கொயர் செம்பில் அது 0.16 ஓம். கம்ப்ரசர் 5 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.8 வோல்ட் போய்விடும், ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் அதிகம். பேட்டரியில் 12.3 இருந்தாலும் ஃபிரிட்ஜுக்கு 11.5தான் தெரியும். பேட்டரி காலி என்று நினைத்து அது அணைகிறது. ஃபிரிட்ஜில் பழுது இல்லை. 6 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டாகிவிடும். ஃபிரிட்ஜில் பேட்டரிப் பாதுகாப்பு செட்டிங் ஹையில் இருந்தால் இன்னும் சீக்கிரம் அணையும், அதையும் பாருங்கள்.

ஆனால் கார் பேட்டரியை நம்பி ராத்திரி ஃபிரிட்ஜ் ஓட்டாதீர்கள், காலையில் வண்டியே கிளம்பாது. டிரெய்லருக்கென்று 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று போடுங்கள். கம்ப்ரசர் 4 ஆம்பியரில் பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 48, இரண்டு ராத்திரி தாண்டும். அதைக் கார் இன்ஜினில் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரோடு நேரடியாகக் கோக்க வேண்டாம், லித்தியம் கொடுக்கக் கொடுக்க இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கும். நடுவில் கரண்டை அளவாக விடுகிற 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வேண்டும், அதற்கு 16 ஸ்கொயர் கேபிள், இரண்டு முனையிலும் பேட்டரிக்கு ஒட்டி ஃபியூஸ். சோலார் அப்புறம் பார்க்கலாம்.

இண்டக்ஷனை மறந்துவிடுங்கள். 2000 வாட் என்றால் 12 வோல்ட்டில் 160 ஆம்பியருக்கு மேல். புதுப் பேட்டரி அரை மணி நேரத்தில் படுத்துவிடும்.

கோவை மலையேறி:
எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். என் நண்பர்கள் பிரேக் இல்லாத டிரெய்லரில் வால்பாறையே போய் வந்திருக்கிறார்கள். வின்ச், எல்இடி பார் வாங்குங்க ப்ரோ, ஆஃப் ரோடுக்கு அதுதான் முதலில்.

சங்ககிரி டிரைவர்:
போய் வந்தவர்கள்தானே கதை சொல்ல வருவார்கள். இட்டேரிக்கு வின்ச் எதற்கு? ஒரு மம்முட்டி, சக்கரத்துக்கு அடியில் கொடுக்க இரண்டு டிராக்ஷன் பலகை, காற்றளவு மீட்டர், 12 வோல்ட் காற்று பம்ப். சேற்றில் டயர் காற்றைக் குறைத்தாலே பாதி வண்டிகள் தானாக ஏறிவிடும். இழுக்க வேண்டி வந்தால் காரின் பின்னால் இருக்கிற கொக்கிக் குண்டில் பெல்ட்டை மாட்டவே மாட்டாதீர்கள். அது முறிந்தால் குண்டு மாதிரியேதான் பறக்கும், ஆள் செத்திருக்கிறார்கள். சேஸிஸில் வெல்டு பண்ணின இழுவை வளையம், தாங்கும் எடை அச்சடித்த ஷேக்கிள் (பெல்ட்டைக் கோக்கும் இரும்புப் பூட்டு வளையம்), அவ்வளவு போதும்.

சக்கரம் தார் சக்கரத்தோடு மாறுமா என்று பாருங்கள். ஸ்டட்டும் அளவும் ஒன்றாக இருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். பேரிங் ஒரு செட்டும் கிரீஸ் டப்பாவும் கூடவே இருக்கட்டும், பேரிங் நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தியூர் அக்கா:
சமையலுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர், இரண்டு பர்னர் அடுப்பு, தீர்ந்தது. சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கு அடித்தகட்டில் ஓட்டை இருக்கிறதா பாருங்க தம்பி. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும். பேட்டரியை அந்தப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. வெந்நீர் ஷவருக்குப் பதில் ஒரு அண்டா. படுக்கப் பவானி ஜமுக்காளம் இரண்டு போதும், சேறானாலும் துவைத்துக்கொள்ளலாம்.

சத்தி வழிப்போக்கன்:
ஆர்சி பற்றி யாருமே சொல்லவில்லையே. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற விளக்கத்துக்குள்ளேயே டிரெய்லரும் வருகிறது. பட்டறைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு ஆர்டிஓ ஆபீசில் நேரில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் வாங்குங்கள். விபத்து என்று வந்தால் முதல் கேள்வி அதுதான். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள்ளே எங்கேயும் நிறுத்தித் தங்க முடியாது. சொந்தக்காரர் தோட்டம் பட்டா நிலம்தானே? திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு, பகலிலேயே ஏறிவிடுங்கள்.

காங்கயத்தான்:
பட்டா நிலம்தானுங்க. தொட்டியை முன்னால் மாற்றியாகிவிட்டது, தராசில் 71 வந்தது. நேற்றுத் தாராபுரம் ரோட்டில் நிரம்பின தொட்டியோடு 70இல் போனேன், அலைச்சல் இல்லை. எலக்ட்ரிக் பிரேக்குக்குச் சொல்லிவிட்டேன். பிரேக்கும் பேட்டரியும் டிசி-டிசியும் சேர்ந்தால் 60,000 தாண்டும்போல, அதனால் பந்தல், ஷவர், சோலார் எல்லாம் அடுத்த வருஷம். ஆர்டிஓவுக்குத் திங்கட்கிழமை போகிறேன், பேப்பர் முடியாமல் தாளவாடி இல்லை என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். கிளம்புவதற்கு முன் வேறென்ன பார்க்கணும் அண்ணா?

சங்ககிரி டிரைவர்:
புதுச் சக்கரம் என்றால் முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி நட்டை மறுபடி முறுக்குங்கள், 100இல் இன்னொரு தடவை. அப்போதே சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது அல்லது பிரேக் பிடித்தபடி நிற்கிறது. அதைச் சரி பார்க்காமல் பண்ணாரி தாண்ட வேண்டாம்.