பசுமைக்குடிலில் பழைய கினெக்ட்: வெயில் ஏறினால் செடியின் உயரம் பதிவாகாதது ஏன்?

கேள்வி (கொடுங்கையூர்):
வணக்கம். மொட்டைமாடியில் நிழல்வலைக் குடில் அமைத்துத் தக்காளியும் அரைக்கீரையும் வளர்க்கிறோம். செடியைத் தொடாமல் வளர்ச்சியை அளப்பதற்காக, ரிச்சி தெருவில் வாங்கிய முதல் தலைமுறை கினெக்ட் கேமராவை (எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக வந்த, தொலைவை அளக்கும் கேமரா) கூரைக் கம்பியில் கீழ்நோக்கிப் பொருத்தியிருக்கிறோம். விடியலில் தெளிவாக வரும் ஆழப்படம் (ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தொலைவு என்று காட்டும் படம்), வெயில் ஏறியதும் ஓட்டை ஓட்டையாகி, சராசரி உயரத்தைத் தாறுமாறாக்குகிறது. வேறு கேமரா வாங்காமல் இதைச் சரிசெய்ய இயலுமா?

பதில் 1 (மாதவரம்):
இயலும். 2010-இல் வந்த அந்தக் கேமரா, அகச்சிவப்புப் புள்ளிகளைத் தானே வீசி, அவை விழும் இடம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து தொலைவைக் கணிக்கிறது. வெயிலிலும் அகச்சிவப்பு மிகுதி என்பதால் புள்ளிகள் அதில் அமிழ்ந்துவிடுகின்றன. நிழல்வலை அதில் ஒரு பங்கைத்தான் தடுக்கும். விளக்கு இல்லாத இருட்டிலும் அது அளக்கும் என்பதால், விடியலுக்கு முன் அளவெடுங்கள். ஆழப்படத்தில் தொலைவு கிடைக்காத புள்ளிகள் 0 என்று பதிவாகும். அவற்றை நீக்காமல் சராசரி எடுத்ததே உங்கள் சிக்கலுக்குப் பாதிக் காரணமாக இருக்கலாம். ஏறத்தாழ 80 செ.மீ.க்கு நெருங்கிய பொருளுக்கும் தொலைவு கிடைக்காது. கொடியேற்றிய தக்காளியின் நுனி படத்தில் காணாமல் போனால், அது இதனாலும் இருக்கலாம்.

பதில் 2 (எண்ணூர்):
நேரத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். மார்கழி, தை மாதங்களின் விடியலில் பனி இறங்கிக் கண்ணாடியில் நீர் படிகிறது. எங்கள் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே நன்கு இருட்டிய பின் அளப்பதே நல்லது என்பேன். எந்த நேரமானாலும் நாள்தோறும் அதே நேரம் என்பது கட்டாயம். இலைகள் பகலில் ஒரு சாய்விலும் இரவில் வேறொரு சாய்விலும் நிற்கும், நீர் குறைந்தால் தொங்கும், இவற்றையெல்லாம் கேமரா வளர்ச்சி என்றும் தேய்வு என்றும் எழுதிவிடும். செடிகளுக்கு நடுவே உயரம் மாறாத பலகை ஒன்றை நிறுத்தி, அதிலிருந்து கணக்கிட்டால் கம்பியின் அசைவும் பிடிபடும்.

பதில் 3 (பெரம்பூர்):
உயரத்தை எடையாகக் கொள்ள வேண்டாம். இலைகள் ஒன்றையொன்று மூடியபின் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அடியிலுள்ள தழை தெரியாது. அரைக்கீரையை எப்படியும் அறுக்கிறீர்கள். அறுப்பதற்குச் சற்று முன் படமெடுத்து, அறுத்த கீரையை எடைபோட்டு, இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறித்து வாருங்கள். தக்காளிக்கு இந்த வசதி இல்லை என்பதால் முதலில் கீரைப் பாத்தியிலேயே தொடங்குங்கள்.