வெண்கட்டித் தூளை வடித்த பிறகும் வெள்ளைப் படிவு: காரணம் என்ன?

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
வணக்கம். கரையும் பொருள், கரையாப் பொருள் பாடத்துக்காக வெண்கட்டியைத் தூளாக்கிக் கிணற்று நீரில் கலக்கினேன். பால்போல் கலங்கியது, சற்று நேரத்தில் பெரும்பகுதி அடியில் படிந்தது. வடிதாளில் வடித்ததும் தெளிந்த நீர் கிடைத்தது. ஆனால் அதைப் பீங்கான் கிண்ணத்தில் வற்றவைத்தால் வெள்ளைப் படிவு தங்குகிறது. "கரையாது என்றீர்களே டீச்சர், இது எங்கிருந்து வந்தது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி; பூசி மெழுக எனக்கு மனமில்லை. வடிதாளை இரட்டையாக வைத்தும் மாற்றமில்லை.

கல்முனை வாசகர்:
முதலில் அதே கிணற்று நீரை, வெண்கட்டி சேர்க்காமல், அதே அளவு வற்றவைத்துப் பாருங்கள். நம் பக்கக் கிணற்று நீரில் உப்புகள் கரைந்திருக்கும். கேத்தலின் உட்புறம் வெள்ளை படிவதும் அதனால்தான். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் செய்தால் இந்தச் சந்தேகமே எழாது.

அக்கரைப்பற்று, இரசாயன ஆசிரியர்:
அதோடு, உங்கள் வெண்கட்டி எதனால் ஆனது என்றும் பாருங்கள் டீச்சர். இயற்கை வெண்கட்டிப் பாறை கல்சியம் காபனேற்று. பலகையில் எழுதும் வெண்கட்டியோ பல வேளைகளில் ஜிப்சம், அதாவது நீரேறிய கல்சியம் சல்பேற்று. 25 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் தூய நீரில் காபனேற்று ஏறத்தாழ 0.013 கிராம்தான் கரையும். ஜிப்சம் 2 கிராமுக்கு மேல் கரையும். 100 மில்லிலீற்றர் வடிதிரவத்தை வற்றவைத்தால் முன்னையது கண்ணுக்கே தெரியாமல் போகலாம். பின்னையதைச் சுரண்டி எடுக்கலாம். கரைந்ததை எந்த வடிதாளும் பிடிக்காது.

உலர்ந்த தூளில் வினாகிரி விடுங்கள். காபனேற்று என்றால் காபனீரொட்சைட்டு வெளியேறி நுரைக்கும், ஜிப்சம் நுரைக்காது. ஒப்பிடுவதற்கு மட்டி ஓட்டைப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள், அது காபனேற்றுத்தான்.

வாழைச்சேனை மாணவர்:
சேர், சுடுநீர் ஊற்றினால் முழுவதும் கரைந்துவிடாதா?

அக்கரைப்பற்று, இரசாயன ஆசிரியர்:
இல்லை தம்பி. சீனிக்கு அது பொருந்தும். ஜிப்சத்தின் கரைதிறன் சூட்டால் பெரிதாகக் கூடாது. காபனேற்று சுடுநீரில் இன்னும் குறைவாகவே கரையும்.

களுவாஞ்சிகுடி ஆசிரியை:
பிள்ளைகளை வைத்தே செய்துபார்த்தோம். கிணற்று நீர் மட்டும் வற்றியபோதும் படிவு இருந்தது. காய்ச்சி வடித்த நீரில் வெண்கட்டியைக் கலக்கி வடித்தபோதும் படிவு வந்தது. வினாகிரியில் மட்டி ஓட்டுத் தூள் சட்டென்று நுரைத்தது, வெண்கட்டி அசையவேயில்லை. ஆக, இரண்டு காரணமும் சேர்ந்திருக்கின்றன. இனிக் குறிப்பேட்டில் என்ன எழுதச் சொல்வது?

அக்கரைப்பற்று, இரசாயன ஆசிரியர்:
"பெரும்பகுதி தொங்கலாக நின்று பின் படியும், சிறுபகுதி கரையும்" என்று எழுதட்டும், கண்டதும் அதுதானே. கரையாப் பொருளுக்கு நன்றாகக் கழுவிய ஆற்றுமணலை எடுங்கள். கடல்மணல் வேண்டாம், அதில் உப்பும் சிப்பித் துகளும் இருக்கும்.