சீன மருத்துவம் பயில விரும்பும் மகளுக்கு வழிகாட்டல் தேவை

அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்த என் மகள் சீன மருத்துவம் பயில விரும்புகிறாள். பல ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவிய என் மனைவியின் தோள்வலிக்கு அக்குபஞ்சர் சிகிச்சை பெறத் துணைக்குச் சென்று வந்ததில் பிறந்த ஆர்வம் இது. அந்த மருத்துவர் ஊசியை எடுப்பதற்கு முன் இரு மணிக்கட்டுகளிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்து, நாக்கின் நிறத்தையும் படிவையும் கவனித்து, உறக்கம், பசி குறித்துப் பொறுமையாக விசாரித்தது அவளை மிகவும் ஈர்த்துவிட்டது. நம் சித்த மருத்துவமும் நாடி பார்க்கிறது. ஆனால் நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் என்ற நம் ஐம்பூதங்களுக்கு மாறாக, சீன மருத்துவர்கள் மரம், தீ, மண், உலோகம், நீர் என்று கொண்டு, எதிரெதிர் ஆற்றல்களான யின், யாங் சமநிலையையும் 'சி' என்னும் உயிராற்றலின் ஓட்டத்தையும் வைத்து நோயை விளக்குகிறார்கள்.

துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் சுங்கை லோங் வளாகத்தில் இதற்கான இளங்கலைப் பட்டப்படிப்பு உள்ளது. தமிழ்ப்பள்ளியில் பயின்ற, சீன மொழியான மாண்டரின் அறியாத மாணவி அதில் ஈடுகொடுக்க முடியுமா? மருத்துவமனைப் பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறது? 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற தமிழர் எவரேனும் இங்கு இருக்கிறீர்களா? குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகளை நான் விரும்பவில்லை. ஏனெனில், மார்புப் பகுதியில் ஆழம் தவறிய ஊசி நுரையீரலையே துளைத்துவிடக்கூடும். அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். கடனுதவி பெற்றுப் பயின்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.