சின்னம் சூட்டினால் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிற்குமா?

கனகராயன்: முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் படிப்பிக்கிறேன். மாசி மாதம் நெல் வெட்டு வந்தால் தரம் 10இல் கடைசி வரிசை வாங்குகள் காலி. இம்முறை அடிக்கடி லீவு போடும் ஆறு பேரிடம் ஒவ்வொரு பொறுப்பைக் கொடுத்தேன்: ஆய்வுகூடத் திறப்பை வைத்திருப்பது, நூலகப் பதிவேடு, தண்ணீர் மோட்டர், இப்படி. நாலு பேர் இப்போது ஒழுங்காக வருகிறார்கள். மாணவத் தலைவர் சின்னத்தை நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கே குத்துகிறோம். அந்தப் பிள்ளை எப்படியும் வரும்.

வயல்காரன்: மாஸ்டர், குறை நினைக்க வேண்டாம். என் மகன் பள்ளிக்கு வராமல் மறிபட்டது திறப்பு கிடைக்காமல் இல்லை. காலை பஸ் வராவிட்டால் யானை நிற்கிற பாதையில் சைக்கிள் மிதிக்க வேண்டும். வெட்டுக்கு மெசின் வந்துவிட்டது, சரி. றோட்டில் காயப்போட்ட நெல்லுக்குக் காவல் யார்? கட்டாயக் கல்வி வயதை 2016இல் 14இலிருந்து 16 ஆக்கினார்கள். பஸ் அதே பஸ்தான்.

மல்லாவி ரீச்சர்: பொறுப்புக் கொடுப்பது என்றால் வகுப்பில் குழு வேலையும் வரும். எனக்கு அதிலேயே நம்பிக்கை இல்லை. ஒரு பிள்ளை டிமை என்ற பெரிய தாளில் எல்லாம் எழுதும், மற்ற ஐந்தும் தங்கள் பெயரை எழுதும். பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறிழுக்க வைத்து அளந்து 1913இல் எழுதினார்: ஆள் கூடக்கூட ஒருவர் போடும் இழுவை குறைகிறது. எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியில் கயிற்றின் கடைசியில் நிற்பவனைப் பார்த்தாலே போதும்!

கனகராயன்: ரீச்சர், அதற்கு வழி இருக்கிறது. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் செய்த ஜிக்சோ முறை. வெள்ளை, கறுப்பின, மெக்சிக்கப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் இருந்து முட்டிக்கொண்ட காலம். பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு. என் துண்டு உனக்கு வேண்டுமென்றால் என்னிடம்தான் கேட்க வேண்டும். ஒளிய இடமில்லை. நான் குளத்து நீர்ப்பாசனத்தை அப்படிப் பிரித்தேன்: அணை, தண்ணீர் திறந்துவிடும் துருசு, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலிங்கு, வாய்க்கால். துருசு கிடைத்தவன் கமக்காரர் வீட்டுப் பெடியன். எனக்கே தெரியாததைச் சொன்னான். அதுவரை அவன் வகுப்பில் வாய் திறந்ததில்லை.

வயல்காரன்: அவன் வராத நாள் துருசை யார் சொல்வது? மற்ற மூன்று பேருக்கும் பாடம் ஓட்டை. திட்டும் அவனுக்குத்தான்.

மல்லாவி ரீச்சர்: இதைத்தான் நானும் கேட்க வந்தேன். அப்புறம் அவன் ஒரேயடியாக நின்றுவிடுவான்.

கனகராயன்: முதல் தடவை அப்படித்தான் நடந்தது, ஒத்துக்கொள்கிறேன். இப்போது ஒரு துண்டுக்கு இரண்டு பேர். போன கிழமை அவன் வரவில்லை என்று குழுவில் இருவர் சைக்கிளில் தேடிப் போனார்கள். நெல்லுக் காவலில் இருந்திருக்கிறான். மூன்று பேருமாக அள்ளிச் சாக்கில் கட்டிவிட்டு மூன்றாம் பாடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிந்தியதற்கு நான் ஒன்றும் கேட்கவில்லை.

வயல்காரன்: சந்தோசம் மாஸ்டர். பஸ்ஸைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை நீங்கள்.