ஒரு மாதம்தான் கட்டவில்லை, 7 கிழமை வாடகை பாக்கி என்கிறார்கள். நோட்டீஸ் வந்துவிட்டது. என்ன செய்வது?

வன்னிக்குருவி | 2026 ஜனவரி 31, இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில் ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்குச் சமூக வீடு தரும் நிறுவனம்) வீட்டில் 12 வருடமாக இருக்கிறோம். மூன்று அறை. நான், கணவர், மகன், மகள். வாடகை கிழமைக்கு 138 பவுண்ஸ். கணவருக்கு வெயர்ஹவுஸில் வேலை. போன வருடம் மணித்தியாலத்தைக் குறைத்துவிட்டார்கள். மிச்சத்துக்கு யுனிவர்சல் கிரெடிற் என்கிற அரசாங்க உதவி வருகிறது.

நேற்று ஒரு தடித்த கடிதம் வந்தது. மகள்தான் வாசித்துச் சொன்னாள், அவளுக்கு 15 வயது. மேலே 'நோட்டீஸ் சீக்கிங் பொசெஷன்', அதாவது வீட்டைத் திரும்பக் கேட்கும் அறிவித்தல் என்று இருக்கிறது. 966 பவுண்ஸ் நிலுவையாம், இரண்டு கிழமை கழிந்தால் நீதிமன்றத்துக்குப் போகலாமாம். வாசிக்க வாசிக்கப் பிள்ளையின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

மறைக்காமல் சொல்கிறேன், டிசம்பரில் கட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், காசு அனுப்ப வேண்டி வந்தது. ஆனால் மற்ற எல்லா மாதமும் 138ஐ நாலால் பெருக்கி 552 பவுண்ஸ் வங்கியிலிருந்து ஸ்ராண்டிங் ஓடரில் தானாகப் போகிறது. ஒரு மாதம் விட்டால் 552தானே? 966 எங்கிருந்து வந்தது?

இதற்கு முன் வந்த நாலு கடிதம் மைக்ரோவேவுக்குப் பின்னால் கிடக்கின்றன. திறக்கவில்லை. தெரிந்த ஒருவர் 1,000 பவுண்ஸ் வட்டிக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கிக் கட்டிவிடவா? வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களா?

பழைய ரெனன்ற் | பெப்ரவரி 1, காலை 7:15

தங்கச்சி, முதலில் வட்டிக் காசுக்கு 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். ஹவுசிங் அசோசியேஷனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கிழமைக்கு ஐந்து, பத்தாகப் பேசிக் கட்டலாம். வட்டிக்காரரிடம் அந்தப் பேச்சு நடக்காது.

இரண்டாவது, அந்த நோட்டீஸ் வெளியேற்றும் கட்டளை இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், விசாரணை நடக்க வேண்டும், நீதிபதி கட்டளை கொடுக்க வேண்டும், அதையும் மீறினால்தான் ஆட்களை வெளியேற்ற வரும் பெய்லிஃப். இத்தனை படிக்கும் இடையில் பேச இடம் உண்டு. நான் 2019இல் கடைசிக்கு முதல் படி வரை போய்த் திரும்பினவன்.

மைக்ரோவேவுக்குப் பின்னால் இருப்பதை இன்றைக்கே எடுத்துத் திகதி வாரியாக அடுக்குங்கள். வழக்குப் போடுவதற்கு முன் உங்களைத் தொடர்புகொண்டு, கட்டக்கூடிய ஒரு தொகையைப் பேசிப் பார்க்க வேண்டும் என்று சமூக வீட்டுக்காரருக்கு ஒரு நடைமுறை விதி இருக்கிறது. அந்த நாலு கடிதமும் அநேகமாக அதுதான். 'நாங்கள் கேட்டோம், அவர்கள் வாயே திறக்கவில்லை' என்று நீதிபதிக்குக் காட்ட அவர்களிடம் ஒரு கட்டு இருக்கும். உங்கள் பக்கமும் ஒரு கட்டு வேண்டும்.

கணக்குப்பிள்ளை | பெப்ரவரி 1, காலை 9:02

966 எப்படி வந்தது என்று பேனையை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் பிழை விடவில்லை, நீங்களும் ஏமாற்றவில்லை. மாதத்தில் நாலு கிழமை என்று நினைத்ததுதான் வினை.

சமூக வீட்டு வாடகை பெரும்பாலும் திங்கட்கிழமை தோறும் கணக்கில் ஏறும். போன வருட வாடகைக் கணக்கு 2025 ஏப்ரல் 7, திங்களன்று தொடங்கியது. அன்றிலிருந்து ஜனவரி 26 வரை எண்ணினால் 43 திங்கள். 43 × 138 = 5,934. நீங்கள் ஏப்ரலிலிருந்து ஜனவரி வரை டிசம்பர் நீங்கலாக 9 தரம் 552 கட்டியிருக்கிறீர்கள், அது 4,968. கழித்தால் சரியாக 966. டிசம்பரையும் கட்டியிருந்தால்கூட 414 பவுண்ஸ், அதாவது மூன்று கிழமை வாடகை பின்னுக்கு நின்றிருக்கும்.

மாதக் கணக்கு 138 × 52 ÷ 12 = 598. நீங்கள் மாதம் 46 பவுண்ஸ் குறைத்துக் கட்டுகிறீர்கள். இதில் வேதனை என்னவென்றால், யுனிவர்சல் கிரெடிற்றும் 52ஆல் பெருக்கி 12ஆல் பிரித்துத்தான் வீட்டுச் செலவைக் கணக்கிடுகிறது. உங்கள் ஸ்ரேற்மென்றில் 'ஹவுசிங்' வரியைப் பாருங்கள். ஏப்ரலில் புது வாடகையை அறிவித்திருந்தால் அங்கே 598 என்று இருக்கும்.

வன்னிக்குருவி | பெப்ரவரி 1, மதியம் 1:30

பார்த்தேன். 598 என்றுதான் இருக்கிறது. பத்து மாதமாக என் போனுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஆனால் ஒக்ரோபரிலிருந்து அதற்குக் கீழே 93 பவுண்ஸ் கழித்திருக்கிறார்கள். அது என்ன?

கணக்குப்பிள்ளை | பெப்ரவரி 1, மதியம் 1:52

மகனுக்கு ஒக்ரோபரில் 21 முடிந்ததா?

வன்னிக்குருவி | பெப்ரவரி 1, மதியம் 1:58

ஓம். ஒரு சுப்பர்மார்க்கெற்றில் வேலை செய்கிறான்.

கணக்குப்பிள்ளை | பெப்ரவரி 1, மதியம் 2:20

அப்போ அதுதான். வீட்டில் 21 வயது நிறைந்த பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளை வாடகைக்குப் பங்கு தருகிறது என்று அவர்களே முடிவுகட்டி, 2025-26 கணக்கில் மாதம் 93.02 பவுண்ஸ் வெட்டுவார்கள். உண்மையில் தருகிறதா இல்லையா என்று கேட்பதில்லை. சில விலக்குகள் உண்டு. உதாரணமாக உங்களில் ஒருவருக்குப் பிப் என்கிற இயலாமை உதவியில் அன்றாடப் பராமரிப்புப் பகுதி கிடைத்தால் வெட்டக்கூடாது.

வன்னிக்குருவி | பெப்ரவரி 1, மாலை 4:10

அப்படி ஒன்றும் இல்லை. இதை வாசித்துக் காட்டினேன், கணவர் கோபித்துவிட்டார். 'பெற்ற பிள்ளையிடம் வாடகை வாங்குவதா, ஊர் என்ன சொல்லும்' என்கிறார். அதோடு ஹவுசிங் ஒஃபிசரிடம் மாதம் 200 கட்டுகிறோம் என்று சொல்லச் சொல்கிறார். கையில் மிஞ்சுவது 60கூட இல்லை.

மழைக்காலம் | பெப்ரவரி 1, மாலை 6:45

அக்கா, எங்கள் வீட்டிலும் இதே சண்டைதான். அப்பா என்னிடம் ஒரு சதம் வாங்க மாட்டார், வெட்டு மட்டும் மாதாமாதம் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் 'வாடகை' என்ற சொல்லையே விட்டுவிட்டோம். இன்ரநெற்றும் கரண்ட் பில்லும் என் பெயருக்கு மாறின. கூட்டினால் ஏறக்குறைய அதே தொகை. அப்பாவின் மரியாதையும் மிஞ்சியது. உங்கள் மகனிடம் அந்த 93 வரியை மட்டும் காட்டுங்கள். பெடியன்களுக்கு எண் விளங்கும்.

இன்னொன்று, கவுன்சிலில் 'டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ற்' என்று ஒரு உதவி 2026 மார்ச் முடியும் வரை இருக்கிறது. யுனிவர்சல் கிரெடிற்றில் வீட்டுச் செலவு வாங்குகிறவர்களுக்கு இப்படி வெட்டு விழும்போது கேட்கலாம். தருவதும் தராததும் அவர்கள் கையில், ஆனால் விண்ணப்பம் போட்டதற்கான தாளே உங்கள் கட்டில் ஒரு நல்ல தாள்.

பழைய ரெனன்ற் | பெப்ரவரி 1, இரவு 8:30

200 கதைக்கு வருகிறேன். நான் செய்த அதே மடத்தனம் அது. மானத்துக்காக மாதம் 150 என்று சொன்னேன், மூன்றாம் மாதம் உடைந்தது. உடைந்த ஒப்பந்தம் சின்ன ஒப்பந்தத்தைவிட மோசம். நீதிமன்றத்துக்குப் போனதும் அதனால்தான்.

அங்கே சினிமாவில் வருகிற மாதிரிக் கூண்டும் சுத்தியலும் இல்லை. ஒரு அறை, ஒரு நீளமான மேசை, பத்து நிமிடம். நான் வரவுசெலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். சாப்பாடு, காஸ், பஸ் எல்லாம் வரி வரியாக. நீதிபதி அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார். நடப்பு வாடகையும் அதன்மேல் கிழமைக்கு 5 பவுண்ஸும் கட்டினால் வீடு என்னிடம் இருக்கும் என்று நிறுத்திவைத்த கட்டளை தந்தார். ஆனால் வழக்குச் செலவும் என் கணக்கில் ஏறியது, அது சில நூறு பவுண்ஸ். அதனால்தான் நோட்டீஸோடு நிறுத்தப் பாருங்கள் என்கிறேன்.

நோட்டீஸில் எந்தெந்த 'கிரவுண்ட்', அதாவது வீட்டைக் கேட்பதற்கான சட்டக் காரணத்தின் எண், என்று எழுதியிருக்கிறார்கள்? 8 என்றால் கவனம். கிழமை வாடகையில் 8 கிழமை பாக்கி நோட்டீஸ் அன்றும் விசாரணை அன்றும் இருந்தால், நீதிபதி விரும்பினாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. 10, 11 என்றால் நியாயமா என்று அவர் பார்ப்பார்.

வன்னிக்குருவி | பெப்ரவரி 1, இரவு 9:05

10, 11.

கணக்குப்பிள்ளை | பெப்ரவரி 1, இரவு 9:20

நல்லது. நீங்கள் 7 கிழமையில் நிற்கிறீர்கள். நாளை திங்கள், இன்னொரு 138 ஏறும், 1,104 ஆகும், அது சரியாக 8 கிழமை. மாதச் சம்பளம் வந்ததும் இந்த முறை 552 இல்லை, 598 போட்டு, அதோடு சின்னதாக ஏதாவது சேருங்கள். அந்தக் கோட்டின் கீழே நில்லுங்கள்.

மழைக்காலம் | பெப்ரவரி 1, இரவு 9:48

வீடு பறிபோகலாம் என்று எழுத்தில் நோட்டீஸ் வந்தாலே இலவசச் சட்ட ஆலோசனை உண்டு. 2023 ஓகஸ்டில் தொடங்கிய திட்டம், 'ஹவுசிங் லொஸ் பிரிவென்ஷன் அட்வைஸ் சேர்விஸ்'. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. வேறு கடனும் இருந்தால் கடன் ஆலோசகர் மூலம் 'பிரீத்திங் ஸ்பேஸ்' கேட்கலாம், 60 நாளுக்குப் பழைய கடனுக்காக நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனால் அந்த நாளிலும் நடப்பு வாடகையைக் கட்டத்தான் வேண்டும்.

பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள் அக்கா. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஹவுசிங் அசோசியேஷனிடமே கேளுங்கள். நான் 11 வயதில் அப்பாவின் கடன் கடிதங்களை வாசித்தவள்.

வன்னிக்குருவி | பெப்ரவரி 2, காலை 6:20

கடைசி வரியை வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை. சரி, இனி அவளிடம் கொடுக்கவில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டேன். ஒரு சீட்டு போகிறது, மாதம் 200. இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதை விட்டால் முகம் கொடுக்க முடியாது.

பழைய ரெனன்ற் | பெப்ரவரி 2, காலை 7:40

விடவேண்டாம், எடுங்கள். கடைசி நாலு மாதத்தில் கழிவு பெரிதாகப் போகாது. அது உங்கள் சொந்தக் காசு, வட்டிக் காசு இல்லை. ஆனால் எடுத்த கையோடு முழுவதையும் நிலுவையில் போட்டுவிட்டு அடுத்த மாதம் வெறுங்கையோடு நிற்காதீர்கள். பாதியைப் போடுங்கள், மிச்சத்தை நடப்பு வாடகைக்கு வையுங்கள். எடுத்த பிறகும் மாதம் 200 கட்ட வேண்டும் என்பதைத் தாளில் எழுதுங்கள்.

வன்னிக்குருவி | பெப்ரவரி 24, மாலை 5:55

மொழிபெயர்ப்பாளரோடு போனில் பேசினோம். ஒஃபிசர் நினைத்ததைவிட நல்லவர். 43 திங்கள் கணக்கைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு 'இப்படித்தான் பலருக்கு நடக்கிறது' என்றார். கடிதத்தில் அதை ஏன் எழுதுவதில்லை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. மாதம் 40 மேலதிகமாகக் கட்ட ஒப்புக்கொண்டோம். பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டேன். கட்டிக்கொண்டிருக்கும் வரை வழக்குப் போட மாட்டார்களாம்.

சீட்டு எடுத்து 400 போட்டாயிற்று. கவுன்சில் உதவிக்கு இன்னும் பதில் இல்லை. மகன் கவுன்சில் ரக்ஸைத் தன் கணக்கிலிருந்து கட்டுகிறான். கணவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார்.

இன்றைக்கு ஏப்ரல் 6இலிருந்து வாடகை கூடுகிறது என்று கடிதம் வந்தது, 4.8 வீதம். திறந்து நானே வாசித்தேன். 144.62 × 52 ÷ 12 = 626.69. அதோடு 40. ஸ்ராண்டிங் ஓடரை 666.69 என்று மாற்றினால் சரிதானே?

கணக்குப்பிள்ளை | பெப்ரவரி 24, மாலை 6:10

சரி. ஏப்ரலில் யுனிவர்சல் கிரெடிற்றின் ஒன்லைன் ஜேர்னலிலும் புது வாடகையைப் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் 598லேயே நிற்பார்கள்.