தருமபுரி வீட்டுக் குழு: குளியலறைக் கூரையில் கறை

அப்பா: வளைகாப்புக்கு இன்னும் 16 நாள்தான் இருக்கிறது. கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் தாம்பாளம் அளவுக்குப் பழுப்புக் கறை படர்ந்துவிட்டது, படம் அனுப்பியுள்ளேன். பெயிண்டர் இன்று பத்து மணிக்கு வருகிறார்.

அத்தை (பாலக்கோடு): பொங்கலுக்கு வந்தபோது உள்ளங்கை அளவுதானே இருந்தது, அண்ணா?

பெரியப்பா (கிருஷ்ணகிரி): பெயிண்டரை நிறுத்து, தம்பி. ஈரம் காயாத கூரையில் பெயிண்ட் அடித்தால் கொப்புளித்து உரியும்; காய்ந்தபின் அடித்தாலும், வெறும் எமல்ஷன் என்றால் பழுப்பு ஊறி மேலே வந்துவிடும் என்பதால், எண்ணெய் பிரைமர் ஒரு கோட் முதலில் வேண்டும். படத்தில் இரண்டு விதமான கறை இருப்பதையும் பார். மூலையில் கரும்புள்ளிகளாகச் சிதறியிருப்பது பூஞ்சை; ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெந்நீரில் குளிக்கும்போது எழும் ஆவி, குளிர்ந்த கூரையில் பட்டு நீராகத் தங்குவதால் வருவது. நடுவில் வட்டமாக, ஓரம் மட்டும் அழுத்தமாகத் தெரிவது, மேலிருந்து கசியும் நீர் காய்ந்து காய்ந்து விட்டுச்சென்ற கோடு.

சித்தப்பா (மேல்வீடு): மேலிருந்து என்றால் எங்கள் வீடு என்று நேராகவே சொல்லலாம், அண்ணா.

பெரியப்பா (கிருஷ்ணகிரி): நான் உங்கள் குளியலறைத் தரையில் நீர் வெளியேறும் நஹானி டிராப்பைத்தான் சொல்கிறேன்.

சித்தி: அதைப் பதித்த மேஸ்திரியை அழைத்து வந்தவரே நீங்கள்தான், மாமா.

தாத்தா: அந்தத் தரையில் ஜல்லி கொட்டுவதற்கு முன்னால் தண்ணீர் கட்டி, கசிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

அத்தை (பாலக்கோடு): பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலந்து தேய்த்தால் கறை போய்விடும், அண்ணி.

பெரியப்பா (கிருஷ்ணகிரி): வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆளையே வீழ்த்தும்.

அம்மா: கறையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, மாமா? ஒகேனக்கல் தண்ணீர் குடிக்க மட்டும்தான். குளிப்பதற்கு இன்னும் போர் தண்ணீர்தான்.

பெரியப்பா (கிருஷ்ணகிரி): போர் தண்ணீரின் உப்பு கொஞ்சம் இருக்கலாம், ஆனால் காங்கிரீட்டில் உள்ள சுண்ணாம்பையும் கசியும் நீர் கரைத்து வந்து வெளியே விடும். அதைவிட முக்கியம், கம்பி துருப்பிடித்தால் கூரை பெயர்ந்து விழும் என்பது. குச்சியால் தட்டிப் பார்த்து, வெற்றொலி கேட்டால் அதன் கீழே யாரும் நிற்க வேண்டாம். கீசர் பக்கம் ஈரம் இறங்கியிருந்தால் மெயினை அணைத்துவிடுங்கள்.

நான்: ஆவியா, கசிவா என்று எப்படி உறுதி செய்வது, பெரியப்பா?

பெரியப்பா (கிருஷ்ணகிரி): கூரையைத் துடைத்துவிட்டு, ஓரடிச் சதுரப் பாலிதீனை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடு. பாலிதீனின் வெளிப்பக்கம் நனைந்தால் ஆவி. உள்பக்கம் நனைந்தால் கசிவு. பிறகு கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, மேல்வீட்டில் இரண்டு நாள் யாரும் குளிக்காமல் இருந்து பார்க்க வேண்டும். அப்போதும் ஈரம் கூடினால், எப்போதும் நீர் நிற்கும் குழாயில் கோளாறு. குளிக்கும்போது மட்டும் கூடினால், நஹானி டிராப்போ டைல்ஸ் இடுக்கோதான் காரணம். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள, டிராப்பை அடைத்து ஓரங்குல நீரை 24 மணி நேரம் தேக்கிப் பார்க்கலாம்.

சித்தி: இரண்டு நாள் நாங்கள் எங்கே குளிப்பது?

அம்மா: கீழே வந்து குளியுங்கள்.

சித்தப்பா (மேல்வீடு): சனிக்கிழமை தண்ணீர் தேக்குகிறேன். டைல்ஸ் உடைக்கும் நிலை வந்தால் செலவு யாருடையது என்பதையும் இப்போதே பேசிவிடலாம்.

அத்தை (பாலக்கோடு): வளைகாப்பை மண்டபத்தில் வைத்தால் என்ன?

தாத்தா: செலவைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசுவோம்.

அப்பா: ஞாயிறு என்றால் நான் சேலம் போகிறேன்.

அம்மா: பெயிண்டர் ஏணியோடு வாசலில் நிற்கிறார். நான் என்ன சொல்லி அனுப்புவது?