புதுப்பிப்பு: கோல்ட்கெட் குழுவைக் கேட்டுவிட்டேன்

1920களின் நடன இசைக்குழுக்களில் பால் வைட்மேன், டியூக் எலிங்டனைத் தாண்டி யாரைக் கேட்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். டெட்ராய்ட்டின் ஜீன் கோல்ட்கெட் குழுவைச் சொன்னீர்கள். நன்றி!

அந்தக் குழுவில் பிக்ஸ் பைடர்பெக்கின் கார்னெட்டை (டிரம்பெட் போன்ற சிறிய ஊதுகருவி) எல்லோரும் புகழ்வார்கள். என்னைக் கட்டிப்போட்டதோ ஸ்டீவ் பிரவுனின் டபுள் பாஸ் (ஆழ்ந்த ஒலி தரும் பெரிய தந்திக்கருவி). நியூ ஆர்லியன்ஸ்காரர். 1927இல் பதிவான 'மை ப்ரெட்டி கேர்ள்' முடிவை நெருங்கும்போது, தந்திகளை இழுத்து அறைந்தே மொத்தக் குழுவையும் முதுகில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அவர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்ட விக்டர் நிறுவனம் 1925இல் மைக்ரோஃபோன் வழியான மின்முறை ஒலிப்பதிவுக்கு மாறியிருந்ததால்தான் அந்த அதிர்வு நம் காதுக்கு எட்டுகிறது.

1926 அக்டோபரில் நியூயார்க்கின் ரோஸ்லேண்ட் நடன அரங்கில், புகழ்பெற்ற ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் ஜாஸ் குழுவையே திணறடித்தவர்கள் இவர்கள். ஆனால் பதிவு செய்ய விக்டர் கொடுத்ததோ பெரும்பாலும் சோகையான பாடல்கள். நடுவில் இழுத்துப் பாட ஒரு பாடகர் வேறு! 1927 செப்டம்பரில் குழு கலைந்தது.

அடுத்து கேட்கப்போவது, கோல்ட்கெட் நிர்வகித்த இன்னொரு குழுவான மெக்கின்னிஸ் காட்டன் பிக்கர்ஸ்.